அளக்கிற கையை அளத்தல்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையைத் தம் சேமிப்பிலிருந்து ஏற்படுத்தியவர் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்று அழைப்பிதழோடு வந்த குறிப்பில் படித்தேன். ஆய்வுமுறை பற்றி ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார். பள்ளி ஆசிரியருக்கு ஆய்வுமுறையில் என்ன அக்கறை என்று முதலில் தோன்றியது. கொஞ்சம் யோசித்ததும் புரிந்தது. சிவப்பு மையை எடுத்து ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே 34 என்று எழுத நேர்ந்த எந்த ஆசிரியருக்கும் அன்று இரவு ஒரு கேள்வி வரும். நான் அளந்தது இந்தப் பிள்ளையையா, என் வினாத்தாளையா? அந்தக் கேள்வியைத்தான் இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

மனிதரின் திறமையை அளப்பது உளவியல் துறையின் வேலை. காட்டையும் விலங்கையும் அளப்பது விலங்கியல், தாவரவியல் துறைகளின் வேலை. பல்கலைக்கழகத்தில் இவை தனித்தனிக் கட்டடங்களில் இருக்கும். புள்ளியியல் கற்பித்த என்னைப் போன்றவர்கள்தான் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருப்போம். இரண்டு பக்கமும் கணக்கு வேண்டுமே. அப்படி நடந்ததில் எனக்கு ஒன்று தெரிந்தது. வகுப்பறையில் பிள்ளையை அளக்கும்போதும் காட்டில் புலியை அளக்கும்போதும் நாம் செய்கிற தவறு ஒன்றேதான்: நம் கண்ணில் பட்டதே மொத்தம் என்று எடுத்துக்கொள்கிறோம். பட்டது எவ்வளவு, படாமல் போனது எவ்வளவு என்று கேட்பதில்லை.

1. களத்துமேட்டில்

எங்கள் ஊர் காவிரியின் கடைமடை. அப்பா கர்ணம். 1980-இல் அந்தப் பதவிகளை அரசு ஒழிக்கும்வரை ஊர்க் கணக்கு அவர் கையில் இருந்தது. அறுவடைக் காலத்தில் அவரோடு களத்துமேட்டுக்குப் போவேன். மரக்காலால் நெல் அளப்பவர் முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். அடுத்ததுதான் ‘இரண்டு’, அப்புறம் ‘மூன்று’. மங்கல வழக்கம் அது. இந்த வயதில் நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. எண்ணிக்கை தொடங்குகிற இடத்திலேயே ஆசை போய் உட்கார்ந்துகொள்கிறது.

மரக்காலைத் தலைதட்டி அளக்கலாம், குவித்தும் அளக்கலாம். குத்தகை நெல்லைக் கொடுக்கும்போது ஒரு கை, வாங்கும்போது வேறு கை. மரக்கால் மட்டும் அதே மரக்கால்.

அப்பாவுக்கு ஒரு பெருமை உண்டு. வரப்பில் நின்று விளைந்த பயிரைப் பார்த்தே மாவுக்கு எத்தனை கலம் காணும் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொல்லும். கல்லூரியில் புள்ளியியல் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கேட்டுவிட்டேன்: “நீங்க சொன்னது தப்பிப்போன வருஷத்தை யாராவது எழுதி வச்சிருக்காங்களாப்பா?” அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்ட விதம் தவறுதான். கேள்வியில் தவறில்லை. பலித்த மதிப்பீடுகளை ஊர் நினைவில் வைத்திருக்கும். பலிக்காதவை காற்றோடு போய்விடும். அவருடைய கதையைக் கடைசியில் முடிக்கிறேன்.

2. தலையாட்டும் மாடு, கணக்குப் போடும் குதிரை

பூம்பூம் மாட்டுக்காரர் வாசலில் வந்து நின்றதை இந்த அரங்கில் பாதிப் பேராவது பார்த்திருப்பீர்கள். ‘இந்த வீட்டுத் தம்பி பரீட்சையில் பாஸாகுமா?’ என்று கேட்பார். மாடு மேலும் கீழும் தலையாட்டும். சூட்சுமம் அவர் கையில் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் அரிசி போட்டோம்.

1904-இல் பெர்லின் நகரத்துக்கு அப்படி எளிதில் தெரிந்துவிடவில்லை. வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் தம் குதிரை ஹான்ஸுக்குப் பாடம் நடத்தியிருந்தார். கூட்டல், கழித்தல், பின்னம், தேதி என எதைக் கேட்டாலும் அது விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அவர் பார்க்க வந்தவர்களிடம் காசு வாங்கவில்லை. அவரே முழுமனதாக நம்பினார். உளவியலாளர் கார்ல் ஸ்டும்ப் தலைமையில் ஒரு குழு வந்து சோதித்தது. ஏமாற்று எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அது சரியான முடிவுதான். யாரும் ஏமாற்றவில்லை.

ஸ்டும்பின் மாணவர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் வேறு வழியில் போனார். குழு திருட்டைத் தேடியது. இவர் சூழ்நிலையை மாற்றிப் பார்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி ஒரு முறை, தெரிந்தபடி ஒரு முறை. குதிரைக்குக் கேட்பவர் தெரியும்படி ஒரு முறை, கண்பட்டை கட்டி மறைத்து ஒரு முறை. கேட்பவருக்கு விடை தெரிந்து, அவர் குதிரையின் கண்ணிலும் பட்டால் மட்டுமே ஹான்ஸ் ‘கணக்குப் போட்டது’. கேட்பவர் கேள்வியை முடித்ததும் தலையைச் சற்றே தாழ்த்துகிறார். தட்டல் சரியான எண்ணை எட்டியதும் அவர் தலை இம்மியளவு நிமிர்கிறது. குதிரை கவனித்தது அந்த இம்மியை. இதைக் கண்டுபிடித்த பிறகும் ஃபுங்ஸ்டால் தம் தலையசைவை முழுவதும் அடக்க முடியவில்லை என்பதுதான் கதையின் உச்சம். அவருடைய நூல் 1907-இல் வந்தது.

பெர்லின் குதிரையோடு இது முடிந்துவிடவில்லை. 1963-இல் உளவியலாளர்கள் ராபர்ட் ரோசென்தாலும் கெர்மிட் ஃபோடும் 12 மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து வெள்ளெலிகள் கொடுத்து, புதிர்ப்பாதையில் ஓடப் பழக்கச் சொன்னார்கள். சிலரிடம் ‘இவை கெட்டிக்கார வம்சம்’ என்றும் மற்றவர்களிடம் ‘இவை மந்த வம்சம்’ என்றும் சொல்லி வைத்தார்கள். உண்மையில் எலிகளுக்குள் வித்தியாசம் கிடையாது. கலந்து பிரித்துக் கொடுத்தவை. ஆனாலும் ‘கெட்டிக்கார’ எலிகள் நன்றாகக் கற்றன. கையில் எடுக்கும் விதத்திலேயே நம்பிக்கை ஊர்ந்து போயிருக்கிறது. எலிக்கே இப்படி என்றால், முதல் நாளே ‘கடைசி பெஞ்ச்’ என்று பெயர் வாங்கிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள்.

3. நான்கு தேங்காய்

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரத் தெருவில் தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், ஆய்வாளர்கள் கண்டு எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தான். தெரெசின்யா காரஹேர், டேவிட் காரஹேர், அனலூசியா ஷ்லீமன் மூவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு அது. தெருவிலும் சந்தையிலும் விற்கும் ஐந்து பிள்ளைகளிடம் வாடிக்கையாளரைப் போலப் போனார்கள். ஒரு தேங்காய் 35 குருசெய்ரோ. நான்கு எவ்வளவு? மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்து 135, இன்னொரு ஐந்து சேர்த்து 140 என்று பையன் வாய்க்கணக்காகச் சொல்லிவிட்டான். பிறகு அதே பையனுக்குத் தாளில் 35 பெருக்கல் 4 கொடுத்தார்கள். நாலஞ்சு இருபது, சுழி போட்டு இரண்டு மீதி. இரண்டும் மூன்றும் ஐந்து, ஐநாலு இருபது என்று 200 எழுதினான்.

ஐந்து பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால், தெருவில் விற்கும்போது 98.2 விழுக்காடு சரி. அதே கணக்கைக் கதைக்கணக்காகக் கொடுத்தபோது 73.7. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8. பிள்ளை அதே பிள்ளை, கணக்கும் அதே கணக்கு. தாளை மட்டும் பார்த்த பள்ளி ஆய்வாளர் இவனுக்குப் பெருக்கல் வராது என்று எழுதியிருப்பார். தெருவை மட்டும் பார்த்தவர் கணித மேதை என்று எழுதியிருப்பார்.

ஐந்து பிள்ளைகளை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று நீங்கள் கேட்டால், கேட்க வேண்டிய கேள்விதான். 2025-இல் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, கொல்கத்தா, தில்லி சந்தைகளில் விற்கும் ஏராளமான பிள்ளைகளிடம் நடந்தது. அங்கேயும் சந்தையில் தடுமாறாத பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினார்கள். ஆனால் அந்த ஆய்வு மறுபக்கத்தையும் பார்த்தது. பள்ளியில் தாள் கணக்கை நன்றாகப் போட்ட பிள்ளைகள், சந்தைக் கணக்கைக் கொடுத்தால் திணறினார்கள். தெருப் பிள்ளைதான் உண்மையான கெட்டிக்காரன் என்று நாம் உருகிவிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஒரு பக்கம் கற்றது மறுபக்கம் தானாகப் போய்ச் சேர்வதில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம் இருக்கிறது. ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு நின்றவருக்கு இந்த நஷ்டம் தெரிந்திருக்காது.

4. உதவிக்குச் செய்த கோல், தரம் பிரிக்கப் போனது

அறிவுத்திறன் சோதனையின் பிறப்பு இன்னும் வேதனையான கதை. 1904-இல் பிரெஞ்சுக் கல்வி அமைச்சகம் அமைத்த குழுவில் உளவியலாளர் ஆல்பிரட் பினே இருந்தார். சாதாரண வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிக் கவனம் கொடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. அடுத்த ஆண்டு பினேயும் தியோடர் சிமோனும் எளிதில் தொடங்கிக் கடினமாகப் போகும் 30 சிறு வேலைகளைக் கொண்ட சோதனையைத் தந்தார்கள். அறிவு மாறாதது, பிறவியிலேயே முடிந்துபோனது என்ற எண்ணத்தைப் பினே கடுமையாக எதிர்த்தார். பயிற்சியால் வளர்க்கலாம் என்று எழுதினார், பயிற்சிகளும் வகுத்தார். 1911-இல் காலமானார்.

அதன்பின் கோல் கைமாறியது. மன வயதை உண்மை வயதால் வகுக்கலாம் என்று 1912-இல் வில்லியம் ஸ்டெர்ன் சொன்னார். 1916-இல் ஸ்டான்ஃபோர்டில் லூயிஸ் டெர்மன் அதை நூறால் பெருக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1917-இல் அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியதும், ராபர்ட் யெர்க்ஸ் தலைமையில் 17 லட்சம் படைவீரர்கள் சோதிக்கப்பட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஆல்ஃபா தாள், தெரியாதவர்களுக்குப் படங்களாலான பீட்டா தாள். கேள்விகளில் வணிகப் பொருள்களின் பெயர்கள் இருந்தன. வலை இல்லாத டென்னிஸ் திடலைக் காட்டி என்ன குறைகிறது என்று கேட்டார்கள். டென்னிஸ் என்ற ஒன்றையே பார்த்திராத, நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய விவசாயி என்ன வரைவார்?

இந்தத் தரவுகளை வைத்து 1923-இல் உளவியலாளர் கார்ல் பிரிகம் ஒரு நூல் எழுதினார். தெற்கு, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்றது நூல். ஆனால் அவர் தரவிலேயே வேறொரு செய்தி வெளிப்படையாகக் கிடந்தது. அமெரிக்காவில் ஒருவர் எத்தனை ஆண்டு வாழ்ந்திருக்கிறாரோ அதற்கேற்ப மதிப்பெண் ஏறியது. சோதனை அளப்பது அந்த நாட்டோடு உள்ள பழக்கத்தை என்று இதைப் படித்திருக்க வேண்டும். முன்பு வந்தவர்கள் உயர்ந்த வம்சம், பின்பு வந்தவர்கள் தாழ்ந்த வம்சம் என்று படித்தார் பிரிகம். ‘லாபம்’ என்று தொடங்கிய எண்ணிக்கை வேறு எங்கே போய் முடியும்? ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 1930-இல் பிரிகம் தம் முடிவுகள் ஆதாரமற்றவை என்று தாமே அச்சில் ஒப்புக்கொண்டார். அதைச் செய்கிற ஆய்வாளர்கள் குறைவு. ஆனால் நூல் போன தூரம் திருத்தம் போகவில்லை.

5. புளியங்கொட்டைக் கணக்கு

இனிக் காட்டுக்குப் போவோம். போகுமுன் ஒரு சின்னக் கணக்கு: ஒரு பானை நிறையப் புளியங்கொட்டை இருக்கிறது. எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணாமல் சொல்ல வேண்டும். கையை விட்டு 50 கொட்டையை எடுங்கள். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் ஒரு பொட்டு வைத்துத் திரும்பப் பானையில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மறுபடி 40 எடுங்கள். அதில் 5 கொட்டையில் பொட்டு இருந்தால், பொட்டு வைத்தவை மொத்தத்தில் எட்டில் ஒரு பங்கு. பொட்டு வைத்தது 50. ஆக, பானையில் சுமார் 400.

இந்த யோசனை பழையது. ஏறக்குறைய இதே தர்க்கத்தில் 1802-இல் லாப்லாஸ் பிரான்சின் மக்கள்தொகையை மதிப்பிட்டார். டென்மார்க்கின் பீட்டர்சன் மீனில் செய்தார். அமெரிக்காவின் லிங்கன் 1930-இல் நீர்வாத்தில் செய்தார். ஆனால் கணக்கு பலிக்க நிபந்தனைகள் உண்டு. பொட்டு அழியக் கூடாது. இடையில் யாரும் கொட்டையைப் போடவோ எடுக்கவோ கூடாது. ஒவ்வொரு கொட்டையும் கைக்கு அகப்படும் வாய்ப்பு ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்றால் எவ்வளவு சமமில்லை என்று தெரிய வேண்டும். கருவியைக் கண்டு மிரளும் புலிக்கும் கூச்சப்படும் பிள்ளைக்கும் இந்த மூன்றாவது நிபந்தனையில்தான் அநியாயம் நடக்கிறது.

இந்தியாவில் நீண்ட காலம் புலியைக் கால்தடத்தால் எண்ணினோம். 1966-இல் ஒடிசா வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறை. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்துக் கோடு வரைந்து எடுப்பார்கள். பாரிஸ் சாந்து அச்சும் எடுப்பார்கள். ஒவ்வொரு புலிக்கும் தனித் தடம், அனுபவசாலி பார்த்தால் பிரித்துவிடலாம் என்பது நம்பிக்கை. என் அப்பாவின் வரப்புப் பார்வை போலத்தான். புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த், எத்தனை என்று தமக்குத் தெரிந்த கூண்டுப் புலிகளின் தடங்களை அனுபவசாலிகளிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களால் எண்ணிக்கையைச் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஃபுங்ஸ்ட் குதிரைக்குச் செய்ததை இவர் எண்ணுபவருக்குச் செய்தார்.

கணக்கு அப்படியே தொடர்ந்தது. 2001-02-இல் நாட்டில் 3,642 புலிகள் என்றார்கள். ராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் பதினைந்துக்கு மேற்பட்ட புலிகள் இருப்பதாக ஏடு சொல்லிக்கொண்டிருக்க, 2005 தொடக்கத்தில் அங்கே ஒரு புலிகூட இல்லை என்று தெரியவந்தது. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள். புலி செத்துக்கொண்டிருந்த காலமெல்லாம் காகிதத்தில் புலி உயிரோடு இருந்தது. அங்கே தவறு கருவியில் மட்டும் இல்லை. எண்ணுகிறவரும் எண்ணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் ஒரே துறை. நூறு விழுக்காடு தேர்ச்சி காட்ட வேண்டிய பள்ளியே தேர்வையும் நடத்தினால் என்ன ஆகும் என்று இங்கிருக்கும் ஆசிரியர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மாற்று வழி முன்பே நம் நாட்டில் இருந்தது. 1990-களில் காரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில், புலி நடக்கும் தடத்தின் இரு பக்கமும் தானியங்கி கேமரா வைத்தார். புலியின் வரி மனிதரின் கைரேகை மாதிரி, ஒன்றைப் போல் ஒன்று இராது. வரிதான் சுண்ணாம்புப் பொட்டு. புலியைப் பிடிக்க வேண்டாம், தொட வேண்டாம். முதல் முறை படத்தில் விழுவது பொட்டு, அடுத்த முறை விழுவது மீண்டும் கைக்கு வருவது. 2006 முதல் நாடு முழுவதும் கணக்கெடுப்பு இந்தத் தர்க்கத்துக்கு மாறியது. 2008-இல் வெளியான எண் 1,411.

3,642 எப்படி 1,411 ஆனது? இடையில் இரண்டாயிரம் புலிகள் செத்துவிட்டன என்று பலர் எழுதினார்கள். அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. வேட்டையும் நடந்தது, அளவுகோலும் மாறியது. எது எவ்வளவு என்று பழைய எண்ணிலிருந்து பிரிக்கவே முடியாது. மோசமான அளவீடு கடந்த காலத்தையும் நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. அறிவுத்திறன் சோதனையிலும் இதே சிக்கல் வேறு உருவில் வந்தது. ஒவ்வொரு முறை சோதனையைப் புதுப்பிக்கும்போதும் சராசரியை 100 என்று வைத்துவிடுவார்கள். அதனால் வெளியே எதுவும் தெரியவில்லை. புதிய பிள்ளைகள் பழைய தாளில் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று ஜேம்ஸ் ஃப்ளின் 1984-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பத்தாண்டுக்கு ஏறக்குறைய மூன்று புள்ளி ஏறிவந்திருப்பது தெரிந்தது.

2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்று கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் விழுந்தன. அவற்றில் புலிப் படங்கள் 76,651. வரியை வைத்துப் பிரித்தால் 2,461 தனித்தனிப் புலிகள். அறிவித்த மதிப்பீடு 2,967. அதுவும் 2,603-இலிருந்து 3,346 வரை எங்கேனும் இருக்கலாம் என்ற குறிப்போடு. மாணவர்களே, இந்தக் கணக்கெடுப்பில் எனக்குப் பிடித்த எண் 2,967 அல்ல. 2,461-க்கும் அதற்கும் நடுவே இருக்கிற 506-தான். ‘இத்தனை புலிகளை நாங்கள் பார்க்கவில்லை; ஆனாலும் இருக்கின்றன என்று எங்கள் கணக்கு சொல்கிறது’ என்று பொருள். கால்தடக் காலத்தில் இந்த 506-க்கு ஏட்டில் இடமே கிடையாது. புதிய முறையிலும் குறை சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள், சொல்லத்தான் வேண்டும். முறை வெளிப்படையாக இருப்பதால்தான் குறையும் சொல்ல முடிகிறது.

நம் பக்கத்தில் முதுமலையையும் ஒரு வார்த்தை சொல்லிப் போகிறேன். 1988-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமார் குழுவினர் அங்கே 50 ஹெக்டேர் காட்டைக் குறித்துக்கொண்டு, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்கு மேற்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் எண் கட்டினார்கள், 25,000-க்கு மேல். பிறகு ஆண்டுக்கு ஆண்டு போய்ப் பார்த்தார்கள். எது செத்தது, எது புதிதாய் முளைத்தது, யானை எதன் பட்டையை உரித்தது, தீ எதைத் தின்றது. ஒரே ஒரு ஆண்டின் எண்ணிக்கை அந்தக் காட்டைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லியிருக்கும். பிளஸ் டூவில் ஒரு காலை மூன்று மணி நேரம் எழுதுவதை வைத்து ஒரு பிள்ளையின் வாழ்நாள் திறமையை எழுதிவிடுகிற நாம், ஒரு காட்டுக்குக் காட்டிய அந்தப் பொறுமையைக் கவனிக்க வேண்டும்.

6. கன்னிமூலையிலிருந்து

மனிதக் கையும் இயற்கையும் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் நெல்வயல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானை முழுக்க ஒரே கொதி இருந்தால்தான் அது செல்லும். வயல் அப்படி வெந்த பானை அல்ல. வாய்க்கால் ஓரத்தில் ஒரு விளைச்சல், மேட்டில் ஒரு விளைச்சல். எந்தச் சோற்றை எடுப்பது என்பதை எடுப்பவரின் விருப்பத்துக்கு விட்டால் கை நல்ல இடத்துக்குத்தான் போகும். அதனால் பயிர் அறுவடைப் பரிசோதனையில் எந்த வயல், அதில் எந்த இடம் என்பதைக் குலுக்கல் எண் முடிவு செய்கிறது. வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, நம் ஊர்க் கன்னிமூலையிலிருந்து, நீளவாக்கில் இத்தனை அடி, அகலவாக்கில் இத்தனை அடி நடந்து முளை அடித்து, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டுவார்கள். உள்ளே விளைந்ததை அறுத்து, அடித்து, நிறுப்பார்கள்.

ஏன் ஐந்து மீட்டர்? ஒரு மீட்டர் சதுரம் போதாதா, வேலை சுலபமாயிற்றே? இந்தக் கேள்வி புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ் காலத்திலேயே எழுந்தது. சின்னச் சதுரத்தில் எடுத்தால் விளைச்சல் கூடுதலாகக் காட்டுகிறது என்று கண்டார்கள். பெரிய சதுரம்தான் வேண்டும் என்று இன்னொரு புள்ளியியல் அறிஞர் பி. வி. சுகாத்மே வாதாடினார். காரணம் கயிற்றில் இருக்கிறது. கயிற்றின் மேலேயே நிற்கிற பயிர் உள்ளேயா, வெளியேயா? சந்தேகம் வந்தால் கை உள்ளே தள்ளிவிடும். கெட்ட எண்ணம் எதுவும் வேண்டாம். நல்ல பயிரை விட்டுவிட மனம் வராது, அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டருக்கு நாலு மீட்டர் எல்லை. 25 சதுர மீட்டருக்கு 20 மீட்டர் எல்லை. ஒரு சதுர மீட்டருக்கு முக்கால் மீட்டரும் கொஞ்சமும். எல்லை குறையக் குறைய, கையின் சபலத்துக்கு இடமும் குறைகிறது. மனிதரைத் திருத்தாமல் சதுரத்தைத் திருத்தினார்கள். ஆய்வுமுறை என்றால் என்ன என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் டெல்டாவில் ஒரு சம்பா வயலில் இப்படிக் கயிறு கட்டியபோது வரப்பில் நின்றேன். பயிர்க் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிட இந்தப் பரிசோதனையின் எண் பயன்படுகிறது. விவசாயியின் கண் அந்தக் கயிற்றின் மேலே. காப்பீட்டுக்காரரின் கண்ணும் அதன் மேலே. ஒருவர் ஓரத்துப் பயிர் வெளியே என்கிறார், மற்றவர் உள்ளே என்கிறார். நடுவில் அரிவாளோடு நின்ற அம்மாள், “சொல்லுங்க சார், அறுக்கவா விடவா?” என்று சலித்துக்கொண்டார். எங்கள் களத்துமேட்டு மரக்கால்தான் கயிறாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவின் கதைக்கு வருகிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் மூன்றாம் நாள் ஒரு பழைய அடங்கல் ஏட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டார். ஒரு பக்கம் ‘சொன்னது’, மறுபக்கம் ‘கண்டது’. ஐந்து போகம் எழுதினார். ஒவ்வொரு போகத்திலும் சொன்னது கண்டதைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. அதன் பிறகு அவர் வரப்பில் நின்று மதிப்புச் சொன்னால், மனதில் பட்டதில் ஒரு கலத்தைக் கழித்துக்கொண்டே சொல்வார். பார்வையை அவர் விட்டுவிடவில்லை. பார்வை எவ்வளவு தவறும் என்று தெரிந்துகொண்டார்.

7. நான்கு கேள்விகள்

நாளிதழில், ஆய்வேட்டில், அரசு அறிக்கையில் ஓர் எண்ணைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள் என்று மாணவர்களை வேண்டிக்கொள்கிறேன். எண்ணியவர் யார், அவருக்கு விடை முன்பே தெரியுமா? எது அவர் கண்ணில் படாமல் போயிருக்கும்? சென்ற முறையும் இதே கோலால்தான் அளந்தார்களா? எண் கூடினால் யாருக்கு லாபம், குறைந்தால் யாருக்கு லாபம்? எண்ணையே நம்பாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எண் இல்லாமல் சரிஸ்கா காலியானதும் தெரிந்திருக்காது, தேங்காய் விற்ற பையனின் கணக்கும் தெரிந்திருக்காது. கேட்கக் கேட்கத்தான் எண் உறுதிப்படும்.

ஆய்வேடு எழுதப்போகும் உங்களிடம் ஒரு கோரிக்கையும் உண்டு. முடிவுரைக்கு முன்னால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டுக்குப் போனபோது பூட்டியிருந்த கதவு எத்தனை, பதில் சொல்ல மறுத்தவர் எத்தனை, மழையால் போக முடியாத இடம் எது, உங்கள் மொழி புரியாமல் விழித்த பிள்ளை எத்தனை என்று அதில் எழுதுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர்களே, அந்தப் பக்கத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், கூட்டிக் கொடுங்கள். ஆசிரியராகப் போகிறவர்களே, 34 என்று எழுதுவதற்கு முன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு வேறு விதமாக ஒரு முறை கேட்டுப் பாருங்கள். நான்கு தேங்காய் விலையாகவே கேளுங்கள்.